எது அதிகம், மிஸ்?

நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளைத் தாண்டி இருந்த அந்தப் பயிற்சி மையத்தில், மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கோகிலவாணி மிஸ்ஸை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். நாலு அமிலங்களைப் பலகையில் வரைந்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவள் உள்ளே வந்து கைப்பையைக் கீழே வைப்பதற்குள் எது வலியது, எது எளியது என்று வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். அவள் ஒருநாளும் தோற்றதில்லை. வலது கட்டைவிரல் நகத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். வரிசை வந்துவிடும்.

"எப்படி மிஸ்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"அமிலத்தப் பாக்காதீங்க. அது தன் புரோட்டானக் கழட்டிக் குடுத்த பிறகு ஒண்ணு மிச்சம் நிக்குதே, அதப் பாருங்க. நிம்மதியா நிக்குதா, தவிக்குதா? நிம்மதியா நின்னா குடுத்தது பலமான அமிலம். தவிச்சா சொத்தை. அவ்வளவுதான்."

வேதிவினையின் நடுவில் பிறந்து, கண் இமைப்பதற்குள் வேறொன்றாகிவிடுகிற கார்போகேட்டயான் என்கிற அயனிகளுக்கும் அவளிடம் அதே பேச்சுதான். "சுமையைப் பங்கு போட்டுக்கப் பக்கத்துல ஆளிருக்கா? இருந்தா கொஞ்ச நேரம் பிழைச்சுக் கிடக்கும். இல்லாட்டி போச்சு."

பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வு அறையில் அது வராது. அவளுடைய பார்வை அவளிடம்தான் இருந்தது.

அவள் மகள் மிதுனாவுக்கும் வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவிடமே படித்தாள். இரண்டு முறை தேர்வு எழுதி இரண்டு முறையும் தவறிவிட்டாள். மக்குப் பெண் இல்லை. இரண்டைக் கொடுத்து ஒன்றை எடு என்றால் அவளுக்கு ஓடாது. சரியான விடையைக் குறித்துவிட்டு, விட்ட விடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு அழித்துவிட்டு அதைக் குறிப்பாள். துணிக்கடையில் நீலச் சுடிதாரை வாங்கிக்கொண்டு வீடு வந்து, "அந்தப் பச்சை பாவம்மா, யார் எடுத்திருப்பாங்களோ" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். தெருவில் கிடந்த பூனைக்குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளக் கோகிலவாணி சம்மதித்தபோது, எதை என்று தெரியாமல் மொத்தத்தையும் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கணவர் பிரிந்துபோய் ஓசூரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான்.

மூளையில் ஊறிய திறனை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் பெயர்த்து நடுகிற கருவி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வு பெறப்போகும் அறுவை மருத்துவர்கள் தங்கள் கைத்திறனைப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வயலின் வித்வான் ஒருவர் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிற படம் எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடியது. பயிற்சி மையங்களுக்கு அது வந்து சேர்ந்தது அந்த வருடம்தான்.

மையத்தின் தலைவர் ராஜகணபதி கோகிலவாணியைத் தன் அறைக்கு அழைத்தார். கருவியோடு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த டாக்டர் பெனசீர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், நீங்க தொண்டை கிழியக் கத்துனாலும் ஒரு பேட்சுல நாலு பேருக்குத்தான் அந்தப் பார்வை வருது" என்றார் ராஜகணபதி. "மத்ததெல்லாம் மனப்பாடம். உங்க பார்வையே அப்படியே எல்லாப் பசங்களுக்கும் போயிட்டா எப்படி இருக்கும்?"

"எனக்கு?"

பெனசீர்தான் பதில் சொன்னாள். "நாத்தப் பிடுங்காம நட முடியாதுங்க மேடம். உங்ககிட்ட இருந்து எடுத்தா உங்ககிட்ட இருக்காது. அமிலம், அயனி இதையெல்லாம் ஒப்பிட்டுச் சொல்ற அந்தத் திறமை மட்டும் போயிடும். பேர், ஊர், படிச்ச பாடம் எல்லாம் அப்படியே இருக்கும்."

"எல்லாப் பசங்களுக்கும் எப்படிங்க போகும்?"

"எடுக்கறப்ப ஒரு பதிவு கிடைக்கும். அதைப் பசங்களுக்குப் போட்டு விடலாம். பரீட்சை வரைக்கும் நிக்கும், அப்புறம் மங்கிடும். அது வெறும் வாசனை மாதிரி. வேர் வேற. வேரை ஒரே ஒருத்தருக்குத்தான் நட முடியும். ரத்த உறவா இருந்தாத்தான் பிடிக்கும். அது காலத்துக்கும் நிக்கும்."

ராஜகணபதி குரலைத் தாழ்த்தினார். "நம்ம மிதுனாவுக்குங்க மேடம். இது மூணாவது தடவை இல்லீங்களா?"

அன்று மாலை கோகிலவாணி விஷயத்தைச் சொன்னதும் மிதுனா அழ ஆரம்பித்தாள்.

"வேண்டாம்மா. உனக்கு இல்லாமப் போயிடுமே."

"சரி, வேண்டாம்."

"இல்லம்மா, வேணும். நான் மறுபடி ஃபெயிலானா… ஐயோ, ஆனா நீ கிளாஸ்ல போய் என்ன பண்ணுவே? எனக்குத் தெரியலம்மா. நீயே சொல்லு."

கோகிலவாணி அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். நகத்தால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு.

"நான் யோசிச்சாச்சு கண்ணு. இத்தனை வருசம் அமிலத்தோட மல்லுக்கட்டினது போதும். நீ எடுத்துக்க."

அவள் தன் வாழ்க்கையில் எடுத்த கடைசி முடிவு அது.

தாயையும் மகளையும் அடுத்தடுத்த சாய்வு நாற்காலிகளில் படுக்கவைத்து, தலையில் தொப்பியை மாட்டினார்கள். கோகிலவாணியின் முன்னால் இருந்த திரையில் இரண்டிரண்டாக மூலக்கூறுகள் வந்தன. ஃபீனால், எத்தனால். நகம் தட்டும், விடை வரும். நைட்ரோ சேர்ந்த ஃபீனால், சேராத ஃபீனால். தட்டு, விடை. ஒவ்வொரு விடைக்கும் மண்டைக்குள் மெல்லிய நூல் ஒன்று அறுவதுபோல் இருந்தது, வலிக்கவில்லை. வெகுநேரம் அப்படியே போனது. கடைசியில் இரண்டு அயனிகள் வந்து நின்றன. முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற சுலபமான ஜோடி. அவள் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

"என்னங்க இது, படம் மட்டுந்தான் தெரியுது" என்றாள்.

பக்கத்து நாற்காலியில், கண் மூடிக் கிடந்த மிதுனாவின் கட்டைவிரல் நகம் கைப்பிடியில் ஒருமுறை தட்டியது.

மறுநாள் காலை மிதுனா சமையலறைக்கு வந்தபோது, அம்மா இரண்டு டம்ளர் காபிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டிலும் ஆடை படிந்திருந்தது.

"என்னம்மா பண்றே?"

"நீ சூடாத்தான குடிப்பே. இப்ப இறக்குனது எது, மொதல்ல ஆத்தி வச்சது எதுன்னு பாக்கறேன்."

"தொட்டுப் பாரு."

"தொட்டேன் கண்ணு. இது சுட்டுது. அதுவும் சுட்டுது."

முதலில் களைப்பு என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. குழம்புக்கு உப்புப் போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு முன்னால் நின்றவள் நின்றபடியே இருந்தாள். சேலம் சாலையைக் கடக்கப் போனவள், எந்த லாரி கிட்டே வருகிறது, எது தூரத்தில் வருகிறது என்று புரியாமல் வெயிலில் நின்று மயங்கி விழுந்தாள். முட்டை வண்டிக்காரர் ஒருவர் தண்ணீர் தெளித்து எழுப்பிக் கொண்டுவந்து விட்டார்.

அவளுக்கு மறதி இல்லை. ஃபீனால் என்றால் என்ன என்று கேட்டால் சொன்னாள். பெற்றோர் பெயர், மிதுனா பிறந்த ஆஸ்பத்திரி, எல்லாம் சொன்னாள். இதைவிட அது என்று வருகிற இடத்தில் மட்டும் அவளுக்குள் ஒன்றுமே இல்லை.

மிதுனாவோ மாறிவிட்டாள். வகுப்பில் எந்த ஜோடியை வரைந்தாலும் அவள் நகம் தட்டும். ஆசிரியர் திரும்புவதற்குள் விடை வரும். துணிக்கடையில் ஒரே பார்வையில் எடுத்துவிடுவாள். பூனைகளில் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சந்தைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தாள்.

"முன்னல்லாம் ஒண்ண எடுத்தா, விட்டது கண்ணுக்குள்ளயே நிக்கும்மா" என்றாள் ஒருநாள், அம்மாவுக்குச் சோறு பிசைந்துகொண்டே. "இப்ப நிக்கல. விட்டா விட்டதுதான். எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

"அப்படியா கண்ணு" என்றாள் கோகிலவாணி.

மற்றப் பிள்ளைகளுக்கும் பதிவைப் போட்டு முடித்ததும், ராஜகணபதி ஒரு பாராட்டு விழா வைத்தார். கோகிலவாணியை வகுப்புக்கு அழைத்து வந்து பொன்னாடை போர்த்தினார். "இனி இந்த வகுப்புல ஒரு மிஸ் இல்ல, அத்தனை பேருமே கோகிலவாணி மிஸ்தான்!" என்றார். திரையில் நாலு அமிலங்கள் வந்தன. அறை முழுக்க நகங்கள் மேசைகளில் தட்டின, ஓட்டு வீட்டின் மேல் மழை விழுவதுபோல. எல்லோரும் ஒரே குரலில் வரிசையைச் சொன்னார்கள். கோகிலவாணி சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது முன்பெஞ்சிலிருந்து தருணேஷ் என்கிற பையன் எழுந்தான். "மிஸ், ஒரு டவுட்" என்று ஒரு கையில் இரண்டு விரலும் மறுகையில் ஐந்து விரலும் காட்டினான். "எது அதிகம், மிஸ்?"

கோகிலவாணி அருகில் போய்த் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"இங்க ரெண்டு இருக்குப்பா. இங்க அஞ்சு."

"கரெக்ட் மிஸ். எது அதிகம்?"

அவள் மறுபடி எண்ணினாள். வாய் திறந்தது, மூடியது. நெற்றியில் வியர்வை வந்தது. பொன்னாடை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதன்பின் எல்லோரும் சிரித்தார்கள். "டேய், உக்காருடா" என்று சொன்ன ராஜகணபதியின் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

மூன்றாவது பெஞ்சில் இருந்த மிதுனா சிரிக்கவில்லை. எழுந்து அவனை அறைந்தால் என்ன ஆகும், உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாள். எழுந்தால் தேர்வு வரைக்கும் வகுப்பு தன்னைக் கேலி செய்யும். உட்கார்ந்தால் அம்மா அதற்காக வருத்தப்படப் போவதில்லை. நகம் தட்டியது. உட்கார்ந்திருந்தாள்.

பெனசீருக்கு விஷயம் தெரிந்தது சாலையில் மயங்கி விழுந்த செய்தி போன பிறகுதான். வந்தாள். அரிசி நிரம்பிய பையையும் காலிப் பையையும் கோகிலவாணியின் இரு கைகளில் கொடுத்து எது கனம் என்று கேட்டாள். பதிலுக்கு நெடுநேரம் காத்திருந்துவிட்டு, பைகளை வாங்கிக் கீழே வைத்தாள். மிதுனாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"தப்பு எங்களோடதும்மா. அமிலத்துக்குன்னு மூளைல தனியா ஒரு அறை இருக்கும்னு நினைச்சோம். அப்படி இல்ல. இது பெருசு, அது சிறுசுன்னு சொல்ற இடம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். உங்கம்மா இருபது வருசமா அதை அமிலத்துலயே தீட்டித் தீட்டி வச்சிருந்தாங்க. நாங்க அதை வேரோட பிடுங்கிட்டோம்."

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். பதிவைப் போட்டா பிடிக்காது, அங்க மண்ணே இல்ல. ஆனா வேர் உன்கிட்ட இருக்கு. இன்னும் ஆழமாப் போகல. பரீட்சைக்கு முன்னாடியே உன்கிட்ட இருந்து எடுத்துத் திருப்பி அவங்களுக்கு நட்டா, பழையபடி ஆயிடுவாங்க. பரீட்சைக்கு அப்புறம்னா எடுக்க முடியாது."

"எனக்கு என்ன ஆகும்?"

"உனக்குன்னு இருந்தது அடியில அப்படியே இருக்கு. நீ முன்ன எப்படி இருந்தியோ அப்படி ஆயிடுவே. வேற ஒரு கெடுதலும் இல்ல."

"அந்தப் பொண்ணாவா?" என்றாள் மிதுனா.

பெனசீர் தாயின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சட்டப்படி முதலில் தாயைத்தான் கேட்க வேண்டும். கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "மேடம், உங்க திறமையை உங்களுக்கே திருப்பித் தரட்டுங்களா? இல்ல, பொண்ணுகிட்டயே இருக்கட்டுங்களா?"

கோகிலவாணி முயன்றாள். கண்கள் டாக்டரின் முகத்துக்கும் மகளின் முகத்துக்குமாகப் போய் வந்தன. முன்பு தான் இருந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. இப்போது இருப்பதும் தெரிந்தது. அதைவிட இது மோசம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சொல்லுக்குப் போகிற வழி அவளிடம் இல்லை.

"நீங்க மொத சொன்னதும் சரிதாங்க" என்றாள் கடைசியில். "அப்புறம் சொன்னதும் சரிதாங்க."

"அவங்களால முடிவு பண்ண முடியலேன்னா, பதினெட்டு முடிஞ்ச வாரிசு சொல்லலாம்." பெனசீர் மிதுனாவின் பக்கம் திரும்பினாள். "அவசரமில்லம்மா. ஒரு வாரம் எடுத்துக்க. நல்லா யோசி."

மிதுனாவின் நகம் மேசையில் தட்டியது.

"வேண்டாம் டாக்டர்."

"மிதுனா, இது உங்கம்மா."

"அந்தப் பழைய பொண்ணுக்கு ரெண்டு தடவை வாய்ப்புக் குடுத்தாச்சு. அவளால ஆகல. நான் திருப்பிக் குடுத்தா, அம்மா மறுபடி அதே கிளாஸ்ல போய் நிப்பாங்க, நான் மறுபடி ஃபெயிலாவேன். வச்சுக்கிட்டா ஒருத்தியாவது டாக்டராவா."

"அவங்க படற கஷ்டம்?"

"எங்க கஷ்டப்படறாங்க?" மிதுனாவின் குரலில் கோபம் இல்லை, பாடம் சொல்கிற நிதானம் இருந்தது. "அம்மா சொல்லிக் குடுத்ததுதான் டாக்டர். குடுத்த பிறகு மிச்சம் நிக்கறதப் பாக்கணும். நான் குடுத்தா, மிச்சம் நிக்கறவ காலமெல்லாம் தவிப்பா. அம்மா குடுத்துட்டு நிக்கறாங்க. பாருங்களேன். முகத்துல ஏதாவது தவிப்பு இருக்கா?"

பெனசீர் பார்த்தாள். கோகிலவாணி கீழே இருந்த அரிசிப் பையையும் காலிப் பையையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் மிதுனா மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். அவள் படம் போட்ட பலகைகள் பேருந்து நிலையத்திலிருந்து பரமத்தி சாலை வரை நின்றன. சென்னையில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்மாவை வீட்டில் தனியே விடுவதா, காப்பகத்தில் விடுவதா என்று உறவினர்கள் கூடிப் பேச ஆரம்பிப்பதற்குள், மோகனூர் போகிற வழியில் ஒரு காப்பகத்தைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தாள்.

சென்னைக்குக் கிளம்புகிற அன்று காலை மையத்தின் காரில் காப்பகத்துக்குப் போனாள். வழியில் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். அம்மா அழுவாள். ஐந்து நிமிடம் அழவிட வேண்டும். பிறகு தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். மெல்ல விரல்களை எடுத்துவிட வேண்டும்.

வாசலில் அங்கே வேலை பார்க்கிற பாப்பாத்தி துடைப்பத்தோடு எதிரே வந்தாள். "வாங்கம்மிணி. உங்கம்மாவால ஒரு தொந்தரவும் இல்லீங்க. தங்கமான மனுசி."

கோகிலவாணி வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்து வந்தாள். "வா கண்ணு" என்று கன்னத்தை உள்ளங்கையால் தடவினாள். "சாப்பிட்டியா?"

மிதுனா காரைத் திரும்பிப் பார்த்தாள், போக மனம் வரவில்லை. இவ்வளவு நாளாக இல்லாத அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "சாப்பிட்டேம்மா. சென்னைக்குக் கிளம்பறேன்."

"நல்லபடியாப் போய்ட்டு வா."

அதற்குள் பால் பாக்கெட் கொண்டுவருகிற பெண் கூடையோடு உள்ளே வந்தாள். முன்பின் பேசிப் பழகாத பெண். கோகிலவாணி அவள் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்தது. "வா கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவினாள். "சாப்பிட்டியா?"

மிதுனாவின் நகம் தானாகக் கைப்பையின் கொக்கியில் தட்டியது. அவள் நிறுத்த முயன்றாள், முடியவில்லை. இரண்டு சிரிப்புகளையும் அவள் பார்த்துவிட்டாள். கன்னத்தில் கை இருந்த நேரத்தை, குரலில் இருந்த கனிவை, கண்ணில் இருந்த ஈரத்தை எல்லாம் ஒரு நொடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இந்த ஊரில் அப்படிப் பார்க்க அவளைவிடத் திறமையான ஆள் இல்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

"அம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? மிதுனா. என் பொண்ணு."

"இவங்க?"

"பால் கொண்டு வர்ற பொண்ணு."

"எங்க ரெண்டு பேர்ல…" என்று தொடங்கினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்டாள். "எங்க ரெண்டு பேர்ல உனக்கு யாரும்மா முக்கியம்?"

பால்காரப் பெண் சங்கடத்தோடு கூடையைக் கை மாற்றினாள். கோகிலவாணி இருவரையும் பார்த்தாள். அவளால் முடிந்த மட்டும் பார்த்தாள். மகளின் கண்ணில் நீர் வழிவதைக் கண்டதும் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். பிறகு, பால்காரப் பெண்ணின் நெற்றியில் வியர்வை இருப்பதைக் கண்டு, அதே தலைப்பால் அதையும் துடைத்துவிட்டாள்.

மிதுனா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். போகலாம் என்று ஓட்டுநரிடம் சொன்னாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அம்மா வாசலுக்கு வந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கார் திரும்புகிற இடத்தில், பக்கத்துப் பண்ணையிலிருந்து முட்டை லாரி ஒன்று சாலையில் ஏறி எதிர்ப்பக்கமாகப் போனது. கோகிலவாணி அதன் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு, அது கண்ணுக்கு மறைகிறவரை கையை ஆட்டினாள்.